பதினெட்டாவது வளைவில் அருவி

அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் அவளுக்கு வளைவு அக்கா என்று பெயர். சனி, ஞாயிறு எங்கே போகலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் மலைப்பாதையோ காட்டுப்பாதையோ கடற்கரைச் சாலையோ, எதைக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஏழாவது வளைவில் இடப்பக்கம் மூங்கில் காடு, வண்டியை ஒதுக்குங்கள். பன்னிரண்டாவதில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாற்காலியில் இருந்தபடியே பாதி மலை ஏறிவிடுவார்கள்.

அவளோ ஒரு வளைவைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. பஸ்ஸில் நாலு நிறுத்தம் போனாலே குடலைப் புரட்டும் உடம்பு. கல்யாணமான அன்று புருஷன் வீட்டுக்குக் காரில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மாமியார் கல்யாணத் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை. அந்தச் சந்தேகம் தீர ஒரு வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் வண்டி ஏறியதே இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் அந்த வேலையிலேயே சேர்ந்தாள்.

வளைவுகள் எல்லாம் டிரைவர்களிடமிருந்து வந்தவை. திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வரும் டிரைவரை உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்து, விசாரணையை ஆரம்பிப்பாள். பாறை எந்தப் பக்கம் வந்தது? என்ன நிறம்? அங்கே என்ன வாசனை அடித்தது? சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். போலீஸ்காரரிடம்கூட அவர்கள் அவ்வளவு பயந்ததில்லை. அதிகமாக மாட்டிக்கொண்டவர் அவசரம் என்று பேர் வாங்கிய டிரைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்து அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பதினெட்டாவது வளைவுல அருவின்னு சொன்னீங்களேம்மா. மூணு மணி நேரம் நின்னோம். பல்லி நாக்கு நனையிற அளவுக்குக்கூட தண்ணி இல்ல."

"போயிடலாம்னு நான் சொன்னேன்," என்றார் மனைவி. "அந்தம்மா சொன்னா வரும்னு இவர்தான் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவர்கள் போனதும் அவசரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் காதைச் சொறிந்தார்.

"விடாமக் கேட்டீங்கக்கா. வெள்ளையா, நீலமான்னு கேட்டீங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அண்ணே, வேற என்னென்ன வாயில வந்துச்சு?"

அது தமக்கே நினைவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில், தானே போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். புருஷன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வார்த்தைகளையும் இடுக்கியால் எடுத்து வைக்கிற மனிதர். கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை பிளாஸ்டிக் பை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பிராயச்சித்தமாக அவசரம்தான் வண்டி ஓட்டினார். இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடுகிறவர் அவர். ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே தண்ணீர்த் தொட்டியருகே முதல் நிறுத்தம். அடுத்தது முள்காட்டில். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு நரி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரில் வெட்கப்பட்டு முதலில் திரும்பியது நரிதான். மூன்றாவது நிறுத்தம் ஆற்றுப்பாலம். புருஷன் அவள் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே மணல்திட்டில் நீர்நாய்க் குட்டிகள் புரண்டு விளையாடின.

மூங்கில் காடு உண்மையாகவே இருந்தது. ஆனால் வலப்பக்கம். முகம் வெளிறிப்போயிருந்தாலும் அவள் நோட்டை எடுத்து அதைத் திருத்தினாள். காற்றில் மூங்கில்கள் பழைய கட்டில் போல முனகும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அதை எந்த டிரைவரும் சொன்னதில்லை. பதினொன்றாவது வளைவில் நின்றபோது, மேலே பாறை முகட்டில் நூறு தேன்கூடுகளாவது தொங்கின. அவசரம் அண்ணாந்து பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க ஓட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்ணே."

பதினெட்டாவது வளைவை எட்டும்போது மதியம் தாண்டிவிட்டது. மொட்டைப் பாறை, காய்ந்த புல், ஒரு மைல்கல். அவசரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கிப் போய்ப் பாறையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை. அதற்குள் வயிறு மறுபடி புரட்டிக்கொண்டு வந்தது. அவள் பாறையிலேயே கையை ஊன்றிக்கொண்டு குனிந்தாள். புருஷன் முதுகைத் தடவிவிட்டார்.

"இனிமே அருவி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மைல்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்குள் அவசரமும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு உச்சியைத் தொட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. அதன் மேல் மேகங்களின் நிழல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். டிரைவர்கள் ஒருத்தர் விடாமல் இந்த இடத்தைப் பற்றி "நல்லா இருக்கும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது.

ஊர் திரும்பியதும் வாத்தியாருக்கு அவளே போன் போட்டு, அருவி பொய் என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். முதலாளியிடம் புதிதாக ஒரு பயணத் திட்டத்தை நீட்டினாள். உச்சிக்குப் போகப் பத்து மணி நேரம், பதினேழு நிறுத்தங்கள். யார் வருவார்கள் என்று முதலாளி சிரித்தார். முதல் வண்டியில் வாத்தியாரும் மனைவியும் போனார்கள். நரியையும் நீர்நாய்களையும் கேமராவில் பிடித்துக்கொண்டு வந்து, தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டினார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கு வண்டியில் இடமில்லை.

யாருமே நிற்காத இடமாகப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று ஒருநாள் வாத்தியார் கேட்டார்.

"தானா உள்ளேருந்து வந்துச்சு சார்," என்றாள்.

பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவசரத்துக்குப் புரையேறிவிட்டது. அவள் உடம்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் மாதம் ஒரு தரம், புருஷன் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட, மூவரும் கிளம்பிவிடுகிறார்கள். இப்போது கடற்கரைச் சாலையைப் பார்த்துவருகிறார்கள். மூன்று பயணத்தில் பாதி தூரம் முடிந்திருக்கிறது.