நான் எழுந்து போனால் படுத்துவிடும் சர்வர்

புது பனியன் துணி மேல் ஸ்டீம் அயர்ன் படும்போது ஒரு வாசனை வரும். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு... நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறிவிடும். மேலே ஆபீஸ். ஏசி ரூம் என்பதால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

2000களின் தொடக்கம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடையில் நான் சர்வீஸ் இன்ஜினியர். பேர்தான் இன்ஜினியர். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், பை நிறைய சிடி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஒரு மொபெட்.

அந்த ஆபீசில் ஒரு சர்வர். பெரிதாக எதுவும் நினைக்காதீர்கள்... அப்போதே வயதாகிப்போன ஒரு அசெம்பிள்டு பெட்டி. சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர் கண்ணில் படட்டும் என்று முன்பக்கம் கண்ணாடி கேபினில் வைத்திருந்தார்கள். ஆபீசில் இருந்த மற்ற சிஸ்டம் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின.

அது திடீரென்று ஆமை ஆகிவிட்டது. பேக்கிங் லிஸ்ட் திறக்கப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள சேந்ததுல இருந்துதானுங்க இப்படி. என்னத்தப் போட்டு அமுக்குதோ தெரியல. கப்பலுக்குப் போற சரக்கு பேப்பருக்காக நிக்குதுங்க. இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு இருக்கறனுங்க."

அந்தப் புள்ள, ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம். பொங்கல் முடிந்து வேலைக்குச் சேர்ந்தவர். டாக்குமெண்டேஷன், அதாவது ஏற்றுமதிப் பேப்பர் வேலை, முழுக்க அவர்தான். வீட்டுக்காரர் வேலை பார்த்த, துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட் மூடிக் கிடந்தது, அதனால் வீடே இவர் சம்பளத்தில்தான் ஓடியது. யார் கதவைத் திறந்தாலும் பாதி எழுந்து நிற்பார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

நானும் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ரேம் கூட்டினேன். டீஃப்ராக் ஓட்டினேன். ஹப்பை மாற்றினேன். பெட்டியைத் திறந்து ஊதினால் ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு! ஒவ்வொரு தடவையும் சர்வர் முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன், குதிரை மாதிரி ஓடும். டாஸ்க் மேனேஜரில் வேலைப் பளுவைக் காட்டும் பச்சைக் கோடு தரையோடு கிடக்கும். சந்தோஷமாகக் கடைக்குத் திரும்பினால் முதலாளியிடமிருந்து போன் வந்திருக்கும்.

"நீங்க இருந்தா ஓடுதுங்க. போனா படுத்துக்குதுங்க."

கடைசியில் ஒரு மத்தியானம், வெறுத்துப்போய், சர்வர் பக்கம் போகாமல் ஸ்டெல்லா சீட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இன்வாய்ஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றது. நிமிர்ந்து கண்ணாடிக்குள் பார்த்தேன்.

சர்வர் திரையில் முருகன்.

சாதாரண முருகன் இல்லை. மயில் தோகை விரிக்கிறது, வேல் சுழல்கிறது, சுற்றிலும் விளக்கு ஜொலிக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக வந்து ஆடும் ஸ்க்ரீன் சேவர்! முதலாளியின் மச்சினன் தைப்பூசத்துக்குப் பழனி போய் வாங்கி வந்த சிடி. முன்பும் கண்ணில் பட்டதுதான், சந்தேகப்படத்தான் தோன்றவில்லை. போய் மவுசை அசைத்தேன். முருகன் மறைந்தார். "வந்துட்டுண்ணே!" என்று ஸ்டெல்லா குரல் கொடுத்தார். காத்திருந்தேன். முருகன் வந்தார், இன்வாய்ஸ் நின்றது.

அந்தக் கிழட்டுப் பெட்டி தன் மொத்த பலத்தையும் தோகை விரிப்பதற்கே செலவழித்துக்கொண்டிருந்தது. நான் முன்னால் உட்கார்ந்தால் ஸ்க்ரீன் சேவர் வராது. அதனால்தான் எனக்கு மட்டும் ஓடியிருக்கிறது. பொங்கல் முடிந்து ஆள் சேர்ந்தார், தைப்பூசம் முடிந்து சிடி வந்தது. பழி ஆள் மேல் விழுந்துவிட்டது.

"கண்டுபிடிச்சாச்சும்மா! எடுத்துட்டா முடிஞ்சுது" என்றேன்.

ஸ்டெல்லா முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, அதத் தொடாதிய. நான் கோயிலுக்குப் போறவ இல்ல, சர்ச்சுக்குப் போறவன்னு எல்லாருக்கும் தெரியும். நான் வந்துதான் சாமியவே எடுத்தாவன்னு ஆயிரும். வேலை போனா வேற பாத்துக்கிடுதேன். அந்தப் பேரு வேண்டாம்ணே."

சொன்னால் இவருக்குக் கெட்ட பேர் வரலாம், சொல்லாவிட்டால் வேலையே போய்விடும். கடைசியில் நேராக முதலாளி ரூமுக்குள் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, சும்மா படமா வெச்சா பரவால்லீங்களா?"

"ஆடாம இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா."

"பழனியில ஆடாமத்தானுங்க நிக்கறாரு. அப்படியே நிக்கட்டும்."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். "இத்தன நாளா உன்னைய வஞ்சுட்டு இருந்தனே கண்ணு... இந்தா, நீயே எடுத்து உடு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அட, எடு கண்ணு. நாந்தான சொல்றேன். உன்ர வேலைக்குக் குறுக்க நிக்கோணும்னு அவரா கேட்டாரு?"

எடுத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்குப் போய் இன்வாய்சை அடித்தார். பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. முதலாளி அதற்குள் கீழே டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது நான் பார்க்கும் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. எது மெதுவானாலும் காரணத்தைத் திரையே கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. நல்லதுதான், யாரும் வீணாகப் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டெல்லா அன்று பயந்தாரே, அந்தப் பயத்துக்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. இப்போது அது கூடித்தான் இருக்கிறது. சாமி விஷயத்தை அவ்வளவு சாதாரணமாகப் பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஒரு மனிதரை, அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை...