கண்ணாடிக் கடைக்காரரின் ஆடாத லென்ஸ்

இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டவைத்து, மூச்சை உள்ளே இழுத்து, கேமராவின் பொத்தானைப் பாதி அழுத்தியபடி நிற்கிறார் கண்ணாடிக் கடைக்காரர். "இருங்க, லென்ஸ் நிலைக்கட்டும்." எதிரே நிற்கிறவர்களின் சிரிப்பு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. மீதிப் பொத்தானை அவர் அழுத்துவதற்குள் ஒருவர் தும்மிவிடுகிறார். இன்னொருவர் பேருந்துக்கு நேரமாயிற்றென்று கிளம்பியே விடுகிறார்.

மூக்குக்கண்ணாடி விற்பதால், லென்ஸ் என்று பெயர் வைத்த எதுவும் தனக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். நடுக்கம் தடுக்கும் இந்த லென்ஸை வாங்கியதிலிருந்து, கடைக்கு வந்தவருக்குப் பவர் பார்க்கும்போதும் அதே பேச்சுதான். "உள்ள ஒரு கண்ணாடி மிதக்குதுங்க. நம்ம கை இந்தப் பக்கம் ஆடினா அது அந்தப் பக்கம் ஆடிச் சரிக்கட்டிடும்." பிளாஷ் என்றால் முகம் சுளிப்பார். தொழில் தெரியாதவன் போடுகிற வாணவேடிக்கையாம் அது.

அவர் எடுத்த படம் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு உண்டு. சோபாவின் தையல், திரைச்சீலையின் பூ எல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. மனிதர்கள் மட்டும் வெந்நீர் ஆவி மாதிரி இருப்பார்கள். என் மகளுக்கு ஒரு படத்தில் மூன்று காது. கேட்டதற்கு, பாப்பா அசைந்துவிட்டாள் என்று பழியை அவள் மேல் போட்டார்.

போன மாதம் அவருடைய மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள்; குடியிருப்பிலிருந்து நாங்களும் போயிருந்தோம். பெரியவருக்குக் கை நடுங்கும் நோய். படம் என்றாலே கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொள்வார். அன்றோ கேக் வெட்டியாக வேண்டும். "கவலைப்படாதீங்க மாமா. எந்த நடுக்கத்தையும் இது நிறுத்திடும்" என்றார் மருமகன். பெரியவர் நம்பிக் கைகளை வெளியே எடுத்தார்.

எடுத்த படம் அத்தனையிலும் தட்டின் விளிம்பு பளிச்சென்று இருந்தது. கத்தி பிடித்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, கைகளை மறுபடி மேசைக்கடியில் கொண்டுபோனார்.

கடைக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "உங்க லென்ஸ் உங்க கையைத்தான் பிடிச்சு நிறுத்தும். ஆடுறது எங்கப்பா கை." கேமரா பையைத் துழாவி, ஒருநாளும் வெளியே வராத பிளாஷை எடுத்துக் கேமராவின் தலையில் தானே சொருகினார். முந்தின நாளே அவர் அதில் பேட்டரி போட்டு வைத்திருந்தது கணவருக்குத் தெரியாது. அப்பாவை இன்னொரு தடவை கத்தியைப் பிடிக்கச் சொன்னார். லென்ஸ் நிலைக்கட்டும் என்று கணவர் ஆரம்பிக்கும்போதே, "அழுத்துங்க" என்றார். அழுத்தினார். கை அசைவதற்குள் வெளிச்சம் வெட்டி மறைந்தது.

படத்தில் கையும் கத்தியும் செதுக்கி வைத்ததுபோல் நின்றன. நரம்புகூடத் தெரிந்தது. பெரியவர் கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் கையாம்மா?"

மகள் தலையசைத்தார். மருமகனும் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, லென்ஸோட வேலையை" என்றார்.

மனைவி அப்பாவிடமிருந்து கேமராவை வாங்கினார். பிளாஷைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.