அழுகண்ணிக்கு மோர் ஊற்றினேன்!

மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடித் தோட்டத்தில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர், ரோஜாவுக்கு அரிசி கழுவிய தண்ணீர் என்று ஊற்றியே செழிப்பாக வளர்ப்பவள் நான். தோழி தந்த விதையில் முளைத்த அழுகண்ணிச் செடிகளுக்கும் அதையே செய்தேன். இலையில் சுரக்கும் பசையால் பூச்சி பிடித்துத் தின்னும், நம் நாட்டுச் சின்னச் செடி அது. பத்தே நாளில் பசை வற்றி, இலைகள் கறுத்து, ஒன்றைத் தவிர மற்றவை பட்டுப்போயின.

"பூச்சி திங்கிறதுக்குப் போய் மோர் ஊத்துனியா?" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோழிக்கு போன் போட்டேன்.

"சத்தில்லாத மண்ணுல வளர்றதுடி அது. உரமும் ஆகாது, உப்பு கலந்த போர் தண்ணியும் ஆகாது. மழைத் தண்ணி இல்லன்னா ஏ.சி. தண்ணி ஊத்து" என்றாள்.

மிஞ்சிய ஒரே செடியை, மணலும் கழுவிய தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டிக்கு மாற்றினேன். ஏ.சி. குழாயின் கீழே வாளி வைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் புது இலையில் பசை மின்னியது. அதில் குட்டிக் கொசு ஒன்று ஒட்டிக்கிடந்தது! கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இப்ப சிரிங்க பார்ப்போம்!" என்றேன்.

இப்போது மோர்ச் சொம்பு அந்தத் தொட்டிப் பக்கமே போவதில்லை. பகலில் ஏ.சி. போட்டால் கத்தித் தீர்த்த நானே, காலி வாளியைப் பார்த்ததும், "ஏங்க, ஏ.சி.யைப் போடுங்க, செடிக்குத் தண்ணி இல்ல" என்கிறேன்.