பொங்கலைப் பற்றி எழுதாத கடிதம்

நாற்பத்து மூன்று வயதில் நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனேன். திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஒரு வருடப் படிப்பை முடித்துப் பட்டத்தோடு வந்தால் தலைமையாசிரியர் பதவி நிச்சயம் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஸ்ரீரங்கத்து வீட்டில் மனைவியையும் எண்பது வயது அப்பாவையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன். "நான் போயிட்டா கொள்ளி வைக்க யாருடா இருக்கா?" என்றார் அப்பா. "நான் வர்ற வரைக்கும் போகாம இருங்க" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். பால்காரர் கண்ணெதிரே கறந்தாலும், முதலில் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு, தை கடைசியில், மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாமா சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறார், எதிர்வீட்டு எருமை கன்று போட்டிருக்கிறது. எருமையைப் பற்றி நாலு வரி! வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பொங்கல் வைத்ததாகவும் இல்லை. வாசல் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்பது வரை எழுதுகிறவள் அவள்.

சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அப்பா போய்விட்டார், என் படிப்பு கெடக்கூடாதென்று மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

நேராகக் கேட்டால் சொல்லமாட்டாள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். லால்குடி வயலில் இந்தத் தடவை சம்பா விளைச்சலைப் பற்றி அப்பா என்ன சொல்கிறார்? 'விளைச்சல் நன்றாக இருக்கிறதென்று மாமா சொல்கிறார்' என்று பதில் வந்தது. அடப்பாவமே, எங்கப்பா ஜென்மத்தில் விளைச்சல் நன்றாயிருக்கிறதென்று சொன்னதில்லை. மகசூல் களம் நிறைந்து கிடந்தாலும் "பதர்தான் ஜாஸ்தி" என்பவர். பிறகு தந்தி கொடுத்தேன். மாமா நலம் என்று மறுநாளே பதில் தந்தி. நலமாக இருக்கிறவருக்காக எதற்கு இவ்வளவு அவசரமாகத் தந்தி அடிக்கிறார்கள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. பேராசிரியர் எவ்வளவோ சொன்னார். மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டேன். வழியெல்லாம் அப்பாவை நினைத்து அழுதேன். கொள்ளி யார் வைத்திருப்பார்கள், லால்குடிச் சித்தப்பா மகனா, அந்தத் தடியனா என்று ஆத்திரமும் பட்டேன்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நாற்காலி போட்டு அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"என்னடா, அதுக்குள்ள படிப்பு முடிஞ்சிருச்சா?" என்றார்.

அவர் குரல் கேட்டு உள்ளேயிருந்து மனைவி வந்தாள். கையில் ஊன்றுகோல். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். மார்கழியில் காவேரி அம்மா மண்டபப் படித்துறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருக்கிறது. மூன்று மாதம் படுக்கை. கோயிலுக்கும் போகவில்லை, பொங்கலும் வைக்கவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கோணலாக.

"பரீட்சை எழுதிட்டீங்களா?" என்றாள் முதலில்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல், சம்பா, தந்தி, ஒன்று விடாமல். சம்பா என்றதும் "இந்தத் தடவை நெஜமாவே நல்லா வெளஞ்சுதுடா" என்று அப்பா குறுக்கிட்டார். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"ஏன் மறைச்சே?" என்று கடைசியில் அவள்மேலேயே பாய்ந்தேன்.

"உங்க படிப்பு கெட்டுடக் கூடாதேன்னுதான் நானா எழுதல. ஆனா எனக்குப் பொய் எழுத வராதுங்க. நீ எப்படி இருக்கேன்னு ஒரு வரி கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என் கடிதங்களை அவள் நூல் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருந்தாள். சந்தேகக்காரன் அல்லவா, அவள் சொன்னதையும் சரிபார்க்க உட்கார்ந்தேன். பதினொரு கடிதங்கள். அப்பாவின் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தேன், வயலைப் பற்றிக் கேட்டிருந்தேன், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரி எதிலும் இல்லை.