கயிறு பிடித்த கைக்கு ஒரு கூறு

நோர்வேயில் யாருடைய வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடலுக்கும் யாரும் இறங்கிப் போகலாம். இதை நம்புவதற்கு எனக்கு ஒரு முழுக் கோடைகாலம் தேவைப்பட்டது. பேர்கனுக்கு வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அலுவலகத் தோழி இங்ரிட் என்னைக் கரையோரமாக நடக்கக் கூட்டிப்போனாள். பாறைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மரவீடு, கொடிக்கம்பம், தோணி கட்டச் சின்னதாக ஒரு துறை. வீட்டுக்காரர் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். இங்ரிட் அவரைக் கடந்து நேரே தண்ணீருக்குப் போனாள். நான் ஒரு பற்றைப் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"ஏன் நிற்கிறாய்?" என்றாள்.

"அவரிடம் கேட்க வேண்டாமா?"

"என்னத்தை?"

"கடலுக்குப் போகலாமா என்று."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி "ஹை" என்றார், திரும்பவும் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அலெமான்ஸ்ரெத்தன் என்று அதற்குப் பெயர். எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை. முற்றத்துக்குள் புகுந்து எட்டிப்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். பாறையும் காடும் கரையும் பொது. எங்கோ ஒரு பணக்காரர் கரைக்குக் குறுக்கே வேலி போட்டதையும், ஊரே சேர்ந்து அதைப் பிடுங்க வைத்ததையும் இங்ரிட் சொன்னாள். சொல்லும்போதே கழுத்துவரை சிவந்துவிட்டாள். வேலியைக் கண்டால் கோபம் வருகிற மனிதர்கள் என்று எனக்கு அவர்களை அன்றே பிடித்துப்போனது. விமானம் ஏறும்போது அந்தக் கோபத்தை வீட்டிலே வைத்துவிட்டு வருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் கரை திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம். அப்பா கரைவலையில் மண்டாடி. எந்த நேரம் வலையை வளைப்பது, எந்தப் பக்கத்துக் கயிற்றை முந்தி இழுப்பது என்று கரையில் நின்று சொல்கிறவர் அவர். தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவர, இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நிற்கிறவர்கள் இழுப்பார்கள். மீன் சேருகிற மடி கடைசியாக வந்து மணலில் ஏறும். வலைக்காரரின் பங்கு போக மிச்சத்தை அப்பா குவியல் குவியலாகப் பிரிப்பார். கயிறு பிடித்த கைக்கு ஒரு கூறு. அதுதான் எங்கள் சட்டம். வழிப்போக்கன் வந்து பிடித்தாலும் கூறு உண்டு. பைத்தியம் என்று ஊர் கலைத்துவிட்ட ஒருவர் வாறவர், அவருக்கும் உண்டு. பெண்களுக்கு இல்லை. பெண்கள் கயிற்றைத் தொடவே கூடாது என்பதால் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை.

ஒரேயொரு முறை நான் தொட்டேன். பள்ளிக்கூட விடுமுறை. என்னைவிடச் சின்னப் பெடியன்கள் கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்து, அரைக் கூறு வாங்கி, துள்ளித் துள்ளி வீட்டுக்குப் போவார்கள். நானும் போய்ப் பிடித்தேன். அப்பா ஓடிவந்து, எல்லோரும் பார்க்க, என்னைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டுபோய் வலைச் சாமான் வைக்கும் வாடிக் குடிசைக்கு அப்பால் போட்டார். "பொம்பிளைப் பிள்ளை தொட்டா மடி வெறுமையா வரும்" என்றார். அன்று மடி வெறுமையாகத்தான் வந்தது. அந்தப் பருவம் முழுக்க, மீன் படாத நாளெல்லாம் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். வாடிக்கு அப்பால்தான் அம்மாவும் மற்றப் பெண்களும் அலுமினியப் பேசினோடு காத்திருப்பார்கள். கூறு எல்லாம் பிரித்து முடிந்த பிறகு, வலையை உதறும்போது மணலில் விழுகிற பொடிமீனை அம்மா பொறுக்குவா. கருவாடு போட்டு விற்பா. நான் படித்தது அந்தப் பொடிமீனில். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்ததும், கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், கடல் தாண்டி ஒரு பொறியியல் அலுவலகத்தில் கதிரை போட்டு இருந்ததும் நான்தான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

நான் கம்பஸில் இருந்த காலத்தில் அந்த ஹோட்டல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கரைக்கு நேரே இறங்கும் ஒழுங்கை அவர்களுடைய காணிக்குள் போய்விட்டது. இலங்கையிலும் கடற்கரை எல்லோருக்கும் பொதுதான் என்று விசயம் தெரிந்தவர்கள் எனக்கு விளக்கம் சொன்னார்கள். கரை பொதுவாம். கரைக்குப் போகும் வழி மட்டும் ஒருவருக்குச் சொந்தமாம். இப்போது அப்பாவும் மற்றவர்களும் மெயின் ரோட்டுக்கு ஏறி, ஹோட்டல் மதிலைச் சுற்றி, கழிமுகப் பக்கத்தால் இறங்கி, மணலில் நடந்து வலைக்கு வருகிறார்கள். தலையில் பேசினோடு அம்மாவும் அதே சுற்று.

இந்த வருடம் லீவில் வீட்டுக்குப் போனேன். இங்ரிட்டும் வந்தாள். வேறெங்கே தங்குவாள்? அந்த ஹோட்டலில்தான். "உன் கிராமத்தை உன்னோடு சேர்ந்து அனுபவிக்க வேண்டும்" என்று அலுவலகத்திலேயே சொல்லியிருந்தாள். இரண்டாம் நாள் காலையில் வரச்சொன்னாள். வாசலில் காவலுக்கு நின்ற பெடியன் என் காற்சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் அறை இலக்கம் கேட்டான். உள்ளே இங்ரிட் எனக்கும் சேர்த்துப் பதிந்து வைத்திருந்தாள். ஃபிஷிங் எக்ஸ்பீரியன்ஸ், இரண்டு பேருக்கு. என் இடது மணிக்கட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டியைப் பூட்டினார்கள். கத்தரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாத பட்டி. அதைக் கட்டிக்கொண்டு, கல் பதித்து இரண்டு பக்கமும் பூச்சட்டி வைத்த என்னுடைய ஒழுங்கையால், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் கடலுக்கு இறங்கினேன்.

கரையில் அப்பா நின்றார். கயிறு ஏற்கெனவே கரைக்கு வந்திருந்தது. இப்போதெல்லாம் மற்ற நாட்களில் கயிற்றை ட்ராக்டர்தான் இழுக்கும். அன்று ட்ராக்டரைத் தென்னைகளுக்குப் பின்னால் விட்டு, ஓலையால் மூடியிருந்தார்கள். ஹோட்டலின் வழிகாட்டி கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். தலைமுறை தலைமுறையாக இந்தக் கிராமத்தின் ஆண்களும் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து கையாலேயே வலை இழுக்கிறார்களாம். பெண்களும்! வாடிக்கு அப்பால் அம்மா பேசினைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தா. அவவுக்கு ஆங்கிலம் விளங்காதது நல்லது என்று நினைத்தேன். பிறகு, விளங்கியிருந்தால் அந்தப் பேசினாலேயே எறிந்திருப்பா என்றும் நினைத்தேன்.

"எப்போதும் கையால்தான் இழுப்பார்களா?" என்று இங்ரிட் என்னிடம் கேட்டாள்.

"இல்லை. ட்ராக்டர் அந்த ஓலைக்குக் கீழே இருக்கிறது."

அவள் கையைத் தூக்கி என்னை மறித்தாள். "சொல்லாதே. இது இப்படியே அழகாக இருக்கட்டும்."

வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். குளியல் உடையோடு சிலர். அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. மடி வெறுமையாகும் என்றும் சொல்லவில்லை. படம் எடுப்பதற்காக, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை இன்னொருமுறை பாடச் சொன்னான் வழிகாட்டி. கயிறு அசையாமல் கிடக்க, ஆட்கள் பாடினார்கள். அப்பா முன்குரல் கொடுத்தார். என்னைக் கக்கத்தில் தூக்கி எறிந்த மனிதர் அவர்தான்.

நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

பக்கத்தில் நின்றவர் முதலில் கண்டார். "மண்டாடியார், இஞ்ச பாருங்கோ. உங்கட மகள் வெள்ளைக்காரியாகி வந்து நிக்கிறா. சலூட் அடிங்கோ!" சிரிப்பு கயிற்றின் நீளத்துக்கு ஓடியது. அப்பா என்னருகே வந்தார். கூட்டத்துக்கு முன்னால் சத்தம் போட ஏலாது. வாயை அசைக்காமல் கதைத்தார்.

"விடு பிள்ளை."

"அவையள் பிடிக்கினம்தானே, அப்பா?"

"அவையள் பிடிக்கிறது படத்துக்கு. நீ பிடிச்சா பிடிச்சதுதான்."

"அப்ப பிடிச்சதாவே இருக்கட்டும்."

"உன்னைப் படிப்பிச்சது இதைப் பிடிக்கவோ?"

"இதைப் பிடிக்காதை எண்டு சொன்னதுக்காகத்தான் நான் படிச்சனான்."

அவர் என் மணிக்கட்டில் கிடந்த பட்டியைப் பார்த்தார். போய்விட்டார்.

படம் எடுத்து முடிந்ததும் விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். இங்ரிட் சிவந்த உள்ளங்கையை எனக்குக் காட்டி, "நீயும் வா, கோப்பி குடிப்போம்" என்றாள். கயிறு பிடித்தால் ஒரு கூறு உண்டு, மடி வரும்வரை நில், வாங்கிக்கொண்டு போ என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "ஓ, இது டுக்னாட்!" என்றாள். டுக்னாட் என்றால், நோர்வேயில் வசந்தம் வந்ததும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் ஒன்றாகக் கூடி வளவைத் துப்பரவாக்குவது. கூலி கிடையாது. முடிவில் ஆளுக்கொரு வாஃபல். "டுக்னாட்டுக்கு யாரும் எதுவும் வாங்கக் கூடாது" என்று எனக்கு அன்பாக விளக்கிவிட்டுப் போனாள். அவள் நல்லவள். காய்ச்சல் வந்து தனியே கிடந்தபோது எனக்கு சூப் கொண்டுவந்தவள். அதனால்தான் அவள்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. பிள்ளைகளின் வயிற்றுக்காக இழுக்கிற கயிறும், ஞாயிற்றுக்கிழமை இலை கூட்டுகிற விளக்குமாறும் அவளுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. இதை நான் எந்த மொழியில் சொல்லுவது?

வழிகாட்டியும் போனான். ஓலையை விலக்கி யாரோ ட்ராக்டரை எடுக்கப் போனார்கள். "கிடக்கட்டும்" என்றார் அப்பா. ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னைக் களைக்கப் பண்ணி விரட்டலாம் என்று நினைத்திருக்கலாம். நான் விடவில்லை. உப்புக் கயிறு வலது உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டுபோனது. யாரும் எனக்கு இடம் விடவுமில்லை, என்னைத் தள்ளவுமில்லை. கொஞ்ச நேரத்தில் பகிடி நின்றுவிட்டது. மூச்சுத்தான் கேட்டது.

மடி கரை ஏறியது. நிறைய என்றும் சொல்ல முடியாது, வெறுமை என்றும் சொல்ல முடியாது. சூடை, காரல், கொஞ்சம் பாரைக்குஞ்சு. எந்தக் கதைக்கும் உதவாத சாதாரண நாள். அப்பா குந்தியிருந்து கூறு பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவர்கள் வந்து அள்ளினார்கள். கடைசியில் ஒரு குவியல் மணலில் தனியே கிடந்தது. அதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டார்.

கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரி ரபீக், அண்ணன் முறையில் எங்கள் எல்லோருக்கும் காக்கா, ஐஸ்பெட்டியோடு நின்றார். "மண்டாடியார், இந்தக் கூறு ஆர்ட?"

அப்பா கடலைப் பார்த்தார். "அது ஹோட்டல் ஆக்களின்ர."

காக்கா சிரித்தார். "ஹோட்டல்காரனுக்கு என்னத்துக்கு மீன்? தாங்க, நான் எடுக்கிறன்."

கூறு தரமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். எத்தனை வருடமாக அந்தச் சண்டைக்கு வசனம் தயாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அவர் தந்துவிட்டார். தந்து, அதை யாரோ ஒரு ஹோட்டல் விருந்தாளியின் பெயரில் எழுதிவிட்டார். சட்டத்தையும் மீறவில்லை, என்னையும் ஏற்கவில்லை. இவ்வளவு கெட்டித்தனத்தை அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்?

"அது என்ர" என்றேன். "விக்கமாட்டன்."

காக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா வலையை மடிக்கத் தொடங்கினார். நான் குந்தி அள்ள வெளிக்கிட்டேன். அள்ளிப் போட ஒரு பாத்திரமும் இல்லை, உரிந்த கையும் மீனும்தான். அப்போது மணலை உரசிக்கொண்டு ஒரு பேசின் என் காலடியில் வந்து நின்றது. வாடிக்கு அப்பாலிருந்து எழும்பிவந்து அம்மா அதைக் காலால் தள்ளிவிட்டிருந்தா. அவ அன்று பொடிமீன் பொறுக்கவில்லை.

"சேட்டையில பிடிச்சாலும் பிடிச்சிட்டாய். அள்ளு" என்றா. "சூடை நல்ல சூடை."

பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நேரே ஹோட்டல் படலைக்கு நடந்தேன். கரையிலிருந்து என் வீட்டுக்கு வழி அதுதான். "அங்கால விடமாட்டாங்கள் பிள்ளை, சுத்திப் போவம்" என்று அம்மா பின்னால் சத்தம் போட்டா. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் போனேன்.

காலையில் வாசலில் நின்ற அதே பெடியன் இப்போது இந்தப் படலையில் நின்றான். பட்டியைக் கண்டு படலையைத் திறந்தான். பிறகு பேசினைக் கண்டான்.

"மிஸ், நீங்க போகலாம். மீன் உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாது. மணக்குது எண்டு கெஸ்ட் சொல்லுவாங்க."

"இது என்ர ஒழுங்கை, தம்பி. அந்த வேம்பு தெரியுதே? அதுக்குப் பின்னால எங்கட வீடு."

அவன் ஆங்கிலத்தை விட்டுவிட்டான். "எனக்கு விளங்குது அக்கா. நான் தோப்பூர். மீனை விட்டா நாளைக்கு எனக்கு வேலை இல்ல." படலையை அவன் மூடவுமில்லை. ஒரு கையால் பிடித்தபடி நின்றான்.

அவனோடு நான் என்ன சண்டை பிடிப்பது? அவனுக்குப் பின்னால், பூச்சட்டிகளுக்கு அப்பால், இங்ரிட் குடைக்குக் கீழே இருந்து கையசைத்தாள். தான் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. கோப்பிக் கோப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எனக்கென்று வாங்கி வைத்தது. எனக்குப் பின்னால், கழிமுகப் பக்கம், வெறுங்கையோடு அம்மா நடக்கத் தொடங்கியிருந்தா. அந்தச் சுற்றில் அவ வெறுங்கையோடு போய் நான் பார்த்ததில்லை.

பட்டி கட்டிய இடது கையை அந்தப் படலைக்குள் விடுவார்கள். தோல் உரிந்து செதில் ஒட்டிய வலது கையை விடமாட்டார்கள். இரண்டுமே என்னுடைய கைகள். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பேசினைப் பிடித்திருந்தன.

தூரத்தில் அம்மா நின்று திரும்பினா. "வாறியோ, இல்லையோ? வெயில் ஏறுது, மீன் நாறப்போகுது!"