பின்பக்கத்து வசம்பு

விளக்கு வைத்த பிறகு வசம்பைப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது. கடையிலும் 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஊறியவள் நான். வினையே அதனால்தான் வந்தது.

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பள்ளம். ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் தை மாதம்தான் வற்றும். மல்லி வைத்தேன், முருங்கை வைத்தேன், எல்லாம் அழுகின. சிமென்ட் போட்டு வண்டி நிறுத்தலாம் என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. எனக்கோ அங்கே பச்சையாக ஏதாவது வேண்டும். ஊரப்பாக்கத்து நர்சரியில் ஒரே ஒரு வசம்புக் கிழங்கு வாங்கி வந்து நட்டேன். இரண்டு வருஷத்தில் கை நுழையாத அளவுக்குப் புதர் கட்டி, நடுவில் இலை பழுக்கத் தொடங்கியது. பிரித்து நட வேண்டும் என்று தெரியும். நேரம்தான் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் அதைப் பார்த்து, என்ன செடி என்று கேட்டார். விளக்கு வைத்தாகிவிட்டது. பேர் சொல்லக் கூடாது என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் சொல்லியிருக்கலாம். காலையில் எனக்கு ஏது நேரம்?

அந்தச் சனிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து திரும்பினால், புதர் வேரோடு வாசலில் கிடக்கிறது.

"கோரையெல்லாம் பிடுங்கியாச்சு. திங்கக்கிழமை மேஸ்திரி வர்றாரு" என்றார்.

பட்டப்பகல்தானே, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "அது வசம்புங்க."

எனக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு முழுக்கச் சேற்றில் உட்கார்ந்தேன். கிழங்கைக் கழுவி, நடுவில் முற்றிய பாகத்தை வெட்டிக் காயப் போட்டேன். ஓரத்து இளங்கிழங்கை விரல் நீளத்துக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு குருத்தும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி நறுக்கினேன். இலையைப் பாதியாகக் கத்தரித்து, கிழங்கைப் படுக்கவைத்து, மேலாக மண்ணில் அழுத்தினேன். ஆழமாகப் புதைத்தால் பிழைக்காது. ஒரு புதர் அறுபத்து மூன்று நாற்றானது. சுவருக்குச் சுவர் நட்டேன், கால் வைக்க இடமில்லாமல்.

திங்கட்கிழமை வந்த மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மழையில் செடி அழுகினால் சிமென்ட் போடுவது என்று வீட்டுக்காரரும் நானும் ஒப்பந்தம் பண்ணிக்கொண்டோம்.

மழை வந்தது. ஒரு மாதம் கணுக்கால் தண்ணீர். காபி போடுவதற்கு முன்பே பின்கதவைத் திறந்து பார்ப்பேன். இரண்டு நாற்று மிதந்தன. பிடித்து வந்து மறுபடி நட்டேன். ஒன்றுகூட அழுகவில்லை. தண்ணீருக்கு மேலே கத்தி கத்தியாகப் புது இலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சந்தில் மழைக்குத் தாக்குப்பிடித்த தோட்டம் என்னுடையது ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தைக்குக் கட்ட வசம்பு கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். என் வீட்டுக்காரர் அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார்.

"பாரும்மா, எல்லாம் நாங்க பிரிச்சு நட்டது."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"நாங்க இல்ல. நீங்க பிடுங்கினீங்க, நான் நட்டேன்."

அவர் சிரித்துச் சமாளித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய், காய்ந்த கிழங்கில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்து, அவள் கையில் நானே கொடுத்தேன்.