லாரிக்கு ஒரு துண்டு கிரிங்கிள்

வெர்னா டால்க்கேவுக்கு ஒரு கெட்ட பழக்கம். சரக்கு அடுக்குகிற மரத்தட்டு, அதுதான் பேலட், அதில் ஆணி அடித்து முடித்த அன்றைக்கே பில் எழுதிவிடுவாள். லாரி எப்போது கிடைக்கும், சரக்கு எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம். அமெரிக்காவில் ரசீன் ஊர்ப் பக்கம் அவளுடைய பட்டறையில் இருக்கிற நாலு பேரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

ஊறுகாய்க் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கு கொடுத்தவள், ஒரு நாளாவது சரக்கு வந்து சேர்ந்ததென்று சீட்டில் கையெழுத்து கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் மனசு கோணுமாம்! அதற்குப் பதில் கேட் காவலாளி ஹார்லனுக்கு கிரிங்கிள் வாங்கிக்கொண்டு போவாள், பீக்கன் பருப்பு வைத்த அந்த வளைய இனிப்பை. அவன் மனைவி ஆர்டிஸுக்கென்று தனியாகக் கொஞ்சம் கட்டியும் கொடுப்பாள்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி கம்பெனி திவால் மனு போட்டது. சட்டப்படி, அதற்கு முந்தைய இருபது நாளுக்குள் வந்து சேர்ந்த சரக்குக்குத்தான் முழுப் பணம். மற்றதுக்கு டாலருக்கு நாலு சென்ட் கிடைத்தால் பெரிசு. வெர்னாவின் கடைசி மூன்று லாரி போய்ச் சேர்ந்தது பதினாலாம் தேதி. பில்லில் இருந்ததோ மூன்றாம் தேதி. இருபத்தோராயிரம் டாலர் வராவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். கேட் ரிஜிஸ்டரைக் கேட்டால் காணோம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

வேலை போய் வீட்டில் இருந்த ஹார்லன் போன் பண்ணினான்.

"என்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, வெர்னா. எனக்குச் சர்க்கரை. என்ன இனிப்பு தின்னாலும் தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கார் டாக்டர்."

"சரி, அதுக்கு ஏன் இப்படி முனகுற?"

"ஆர்டிஸ் அதைப் பாத்ததில்ல. இனிப்பையே தொடுறதில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

டாக்டரிடம் உண்மை, பெண்டாட்டியிடம் பொய். நல்ல ஆள் போங்கள்.

புருஷன் சாட்சி சொல்லப் போகிறான் என்ற பெருமையில் ஆர்டிஸும் கோர்ட்டுக்கு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலாம் தேதி மூணு லாரி வந்துச்சுன்னு எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

ஹார்லன் அந்த வரிசைப் பக்கமே திரும்பாமல் படித்தான். "மார்ச் பதினாலு. வெர்னா, பேலட், மூணு லாரி. லாரிக்கு ஒரு துண்டுன்னு கிரிங்கிள் மூணு." குரல் இறங்கிவிட்டது. "ஆர்டிஸுக்குக் கொடுத்தது, அதுவும்."

நீதிபதி நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக அதே கதை. முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷன் தனக்காகத் தன் மானத்தையே கழற்றி வைத்துவிட்டானே! வெளியே வந்ததும் நேராக ஆர்டிஸிடம் போனாள்.

"மன்னிச்சிடு ஆர்டிஸ். அவனுக்குச் சர்க்கரைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"சர்க்கரை கிடக்கட்டும்," என்றாள் ஆர்டிஸ். "இத்தனை வருஷமா என் பங்கையும் தின்னிருக்கானே, அதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

வெர்னா இரண்டு பேரையும் பேக்கரிக்குக் கூட்டிப்போனாள். ஆர்டிஸ் முழு வளையத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹார்லனுக்கு வெறும் காப்பி. பில் வந்தபோது வெர்னா கையை நீட்டினாள்.

"முதல்ல தேதியைப் பாரு," என்றாள் ஆர்டிஸ், வாய் நிறைய கிரிங்கிளோடு.